மஞ்சள் வச்ச ஜெர்சி

நவம்பர் 15, வியாழன்

புகை. நேத்து வெடிச்ச தீபாவளிப் புகை இன்னும் இறங்கல. எதுத்த பிளாக் தெரியல. துவைச்ச துணி காயாது. தொண்டை கரகரப்பு.

நமக்கு இந்த வருஷம் தீபாவளி இல்ல. மேல்வீட்டு சாந்தா அக்கா தட்டுல அதிரசம் மூடிக் கொண்டாந்து வச்சுட்டுப் போனாங்க. மக செல்வி தின்னா. நான் வாயில வைக்கல.

இந்த டைரி செல்வி அப்பாவுக்கு, அவுக ஆபீஸ்ல குடுத்தது. ஒரு பக்கம்கூட எழுதாம வச்சிருந்தாக. எட்டாங்கிளாஸ் கை, எழுத்து கோணலாத்தான் வருது. வரட்டும். செல்விக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. ஹிந்தி ஸ்கூல்ல போட்டது நாங்கதான். இனி இந்த வீட்டுல தமிழ் படிக்க ஆள் கிடையாது. அதனால எதையும் எழுதலாம். செல்வியை இனி செ. னு போடுதேன், கை வலிக்கி.

வாங்கணும்: சீரகம், ஊசி, செ. முழங்காலுக்குக் கட்டுற பட்டை, கொசுவத்தி.

செ. சாயங்காலம் புது ஜெர்சியோட வந்தா. கம்பெனி ஹாக்கி டீம் குடுத்தது. பச்சை. கோலிக்கு, அதான் கோல் காக்கிற ஆளுக்கு, மட்டும் தனி நிறமாம். முதுகுல கம்பெனி பேரு ஹிந்தியில. போட்டுப் பாத்தா. கண்ணாடி முன்னால நிக்கல, அவுக போட்டோ முன்னால போயி நின்னா. நான் அடுக்களைக்குள்ள போயிட்டேன்.

முதல் மேட்ச் ஞாயித்துக்கிழமை. இந்தப் போட்டி முடியட்டும், அப்புறம்தான் டீம்ல எடுக்கதா இல்லையான்னு சொல்லுவாகளாம். எடுத்தா கம்பெனியில வேலை. ஏற்கெனவே அங்க ஒரு கோலி இருக்கா, ஹரியானாப் பிள்ள, இவளைவிட ஒரு முழம் உசரம்.

நவம்பர் 16, வெள்ளி

கார்த்திகை பிறந்தாச்சு. குளிர். கம்பளி எடுக்கணும். அவுக கம்பளி அடியில இருக்கு, அதைத் தாண்டித்தான் மத்ததை எடுக்கணும். எடுக்கல.

கோவில்பட்டியில இருந்து கொழுந்தன் போன்.

"மதினி, குவார்ட்டர்ஸ் எதுவரைக்கும் விடுவாக?"

பங்குனி வரைக்கும்னு சொன்னேன்.

"அதுக்கப்புறம்? ரெண்டு பொம்பளைக டெல்லியில என்ன செய்வீக? பிள்ளையக் கூட்டிட்டு வந்துருங்க. நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், தீப்பெட்டி ஆபீஸ்ல சூப்பர்வைசர். கம்ப விட்டுட்டு வரச் சொல்லுங்க, போதும்."

கம்பு. ஹாக்கி மட்டையைச் சொல்லுதாரு. அவரும் அண்ணனோட சேந்து அதே கம்பைப் பிடிச்சு ஓடின ஆளுதான். கெட்ட மனுசன் கிடையாது. காரியத்துக்கு வந்து எல்லாத்தையும் எடுத்துச் செஞ்சாரு. அவரு சொல்லுததிலயும் நியாயம் இருக்கு. அதுதான் பயம்.

செ. பக்கத்துல உக்காந்து கால் பேடுக்கு வார் மாத்திக்கிட்டு இருந்தா. போனை வச்சதும்,

"சாச்சா என்ன சொல்றாரு?"

"சும்மா விசாரிச்சாரு."

"அம்மா, நான் தமிழ் படிக்கத்தான் மாட்டேன். காது இருக்கு."

அப்புறம் வாரை இழுத்துக்கிட்டே சொன்னா: "டீம்ல எடுத்தா ஜாப். ஜாப் இருந்தா நாம இங்கயே. எடுக்கலைன்னா நான் மாச்சிஸ் பெட்டிக்குள்ள, அந்தத் தீப்பெட்டி ஆபீஸ்ல. அவ்வளவுதான்."

சிரிச்சா. நான் சிரிக்கல. பருப்பு டப்பா கை தவறிக் கொட்டிப் போச்சு.

நவம்பர் 17, சனி

தண்ணி வரல. காலையில ஒரு பக்கெட், அவ்வளவுதான்.

இதை எழுதிறணும். மனசுல கிடந்து அரிக்கி.

அவுக இருந்தப்ப மேட்ச் நாள்னா ஒரு வழக்கம். அப்பாவும் மகளும் புறப்படும்போது நான் முன்னாலயே கீழே இறங்கிப் போயிருவேன், பால் கேனை எடுத்துக்கிட்டு. அவுக படி இறங்க, நான் பால் கேனோட படி ஏற, எதுக்க வரணும். நல்ல சகுனம். "வாரா பாரு மகாலச்சுமி, பூத்ல சில்லறை வாங்கினாளான்னு கேளு"ன்னு அவுக கேலி பண்ணுவாக. செ. தலையில அடிச்சுக்கிடுவா, "அரே, லேட் ஆகுது". ஆனா நான் எதுக்க வராம ஒரு நாளும் படி இறங்க மாட்டாக ரெண்டு பேரும். ஒரு தடவை பூத்துல வரிசை, நான் வர நேரமாயிப் போச்சு. ஸ்கூட்டரைக்கூட எடுக்காம மாடிப்படியிலயே நின்னாக.

இப்ப நான் எதுக்க வரலாமா. எந்த ஊர்ல வரலாம். யாரும் என்கிட்ட சொல்லல, வராதேன்னு. சொல்ல வேண்டியதில்லையே. ஊர்ல எங்க சின்னம்மாவைப் பாத்திருக்கேன். கல்யாண வீட்டுல இருந்து புறப்படுதாகன்னா அவ தானா எழுந்திரிச்சுப் பின்கட்டுக்குப் போயிருவா. யாரும் சொன்னது கிடையாது.

ஜெர்சி விசயமும் இருக்கு. புதுத் துணின்னா ஓரத்துல மஞ்சள் வைக்கணும். மஞ்சளை நான் தொடாம இல்ல, தினம் குழம்புக்குப் போடுதேன். ஆனா இதுக்குக் கை போகல. மஞ்சள் டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னேன். மூடிட்டேன்.

செ. வெறும் ஓட்டப் பிராக்டிஸ்க்குப் போயிருந்தா. நேத்தே எல்லாத்தையும் கிட் பைல அடுக்கி வச்சுட்டா. அதுக்குள்ள இருந்து ஜெர்சியை எடுத்துக்கிட்டு மேலே சாந்தா அக்காகிட்டப் போனேன். சொல்லவே முடியல, அழுகைதான் வந்துச்சு. அக்கா வேலூர்க்காரங்க, பட்டுனு பேசுவாங்க.

"ஏ மாரி, இன்னாத்துக்கு அழுவுற இப்போ? குடு. நானே வச்சு சாமிகிட்ட வக்கிறேன். காலையில கொடத்துல தண்ணி எடுத்துக்கினு எதுக்கவும் நானே வரேன். ஜெர்சியத் தோள்ல போட்டுக்கினு வந்து கையோட குடுத்துடறேன். போதுமா?"

"உங்களுக்கு முட்டி வலி அக்கா."

"முட்டி கெடக்குது. எறங்கறது தான் கஷ்டம். அதுக்கு நான் ராத்திரியே எறங்கிக் கீழ பட்த்துக்கட்டா?"

எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. எத்தனையோ நாளைக்கு அப்புறம்.

செ. கிட்ட இதெல்லாம் சொல்லல. சொன்னா சண்டை போடுவா.

நவம்பர் 18, ஞாயிறு

விடியல. பனியும் புகையும் கலந்து. இட்லி ஊத்தியாச்சு. ஹாட்கேஸ்ல வச்சு, பக்கத்துல பொடி, எண்ணெய். செ. இன்னும் எழுந்திரிக்கல.

அவ புறப்படும்போது நான் அவ கண்ணுல படக் கூடாது. வெளியே போனா படியில எதிர்ப்பட்டுருவேன். ரெண்டு ரூம் வீடு, எங்க ஒளியறது? பாத்ரூம்தான். அந்தக் கதவுதான்.

ஆடியில அவுக குளிக்கப் போனது அதுக்குள்ளதான். செ. தான் தட்டுனா, "பாப்பா, லேட்"னு. அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவா. பதில் இல்ல. காலனி கார்பெண்டர் வந்து உடைச்சாரு. உள்ள அவுக விழுந்து கிடந்தாக. பழைய தாழ்ப்பாள் வளைஞ்சு போச்சு. புதுசு போட்டுக் குடுத்தாரு. பளபளன்னு இருக்கு. இந்த வீட்டுல அது ஒண்ணுதான் புதுசு.

அதுக்குள்ள தாழ் போடாமத்தான் குளிக்கோம் ரெண்டு பேரும். இன்னைக்குப் போடணும். இல்லைன்னா திறந்து பாத்துருவா.

முருகா. அவ கை வழியா ஒரு பந்தும் உள்ள போகக் கூடாது.

நவம்பர் 19, திங்கள்

நேத்து நடந்தது. நேத்து எழுத முடியல.

அவ எழுந்து குளிச்சு முடிச்சதும் நான் உள்ள போயித் தாழ் போட்டுக்கிட்டேன். அவ இட்லி தின்ன சத்தம். ஷூ சத்தம். பையைத் தூக்குன சத்தம். "அம்மா, நான் கிளம்பறேன்." பேசல. "அம்மா?" பேசல. பேசினாலும் சகுனத் தடைதானே. வாயில சேலையை வச்சு அமுக்கிக்கிட்டு நின்னேன். பாத்ரூம் கதவை ஒரு தடவை தள்ளிப் பாத்தா. தட்டுனா.

அந்தத் தட்டு. அதே மாதிரி. எனக்கு மூளை வேலை செய்யல. இந்தக் கதவு அவளுக்கு என்னங்கிறது அந்த நேரத்துல எனக்குத் தோணவே இல்ல. சகுனம், சகுனம்னு மட்டும் இருந்துச்சு.

வாசல்ல சாந்தா அக்கா குரல்: "அம்மா பால் பூத்துக்குப் போயிருக்காமா. நீ கெளம்பு கண்ணு, இதோ நான் எதுக்க வரேன் பாரு, கொடத்தோட." கீழே டீம் வேன் ஹாரன். அவ ஓடுற சத்தம். வேன் போயிருச்சு.

தாழைத் திறந்துட்டு வெளியே வந்தேன். அப்பாடான்னு ஒரு வாய்த் தண்ணி குடிச்சேன். சாந்தா அக்கா படியிலேயே முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. "நல்லா எதுக்க வந்துட்டேன் மாரி. கால்லகூடத் தண்ணி சிந்தல."

"ஜெர்சி குடுத்தாச்சா அக்கா?"

அக்கா என் முகத்தைப் பாத்தாங்க. நான் அவங்க தோளைப் பாத்தேன். தோள்ல ஒண்ணும் இல்ல.

ரெண்டு கையிலயும் குடம். முட்டி வலியில குடத்து மேலயே கண்ணு. ஜெர்சி மேலே சாமி முன்னால மஞ்சளும் பூவுமா இருக்கு.

அக்கா அழுதுட்டாங்க. அவங்களால பஸ் ஏற முடியாது, வீட்டுக்காரரு டியூட்டி. நான் போகணும். ஆடியில இருந்து காலனி கேட்டைத் தாண்டினது கிடையாது. சேலைகூட மாத்தல. பாதி வழியிலதான் பாத்தேன், கால்ல பாத்ரூம் செருப்பு.

ஆட்டோ எல்லாம் பங்க்ல கேஸ் நிரப்ப வரிசையில நிக்கி. ஒருத்தனும் வரல. பஸ்ல ஏறுனேன். "ஜல்தி ஆன்டி, ஜல்தி"ன்னு கண்டக்டர் முதுகுல தட்டுதான். கன்னாட் பிளேஸ்னு மட்டும் சொல்லத் தெரியும், ஸ்டேடியம் அங்கதான். அவுகளோட ஸ்கூட்டர்ல போன வழி, பஸ்ல ஏறினா எல்லா ரவுண்டானாவும் ஒண்ணு போலத்தான் இருக்கு. ஜெர்சியைப் பையில போட்டு, பையை முந்தானைக்குள்ள மறைச்சு வச்சுக்கிட்டேன். பக்கத்துல ஒரு சர்தார் கிழவர் இடம் குடுத்தாரு. "மகளே, உடம்பு சரியில்லையா?"ன்னாரு. தலையை ஆட்டினேன். எதுக்கு ஆட்டினேன்னு தெரியல.

ஸ்டேடியம் கேட்ல காவல்காரன் விடல. பாஸ் கேட்டான். "கோல்கீப்பர் கி மா", அவ அம்மான்னு சொன்னேன். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன். உள்ள விசில் சத்தம், மட்டை சத்தம். ஆரம்பிச்சாச்சு.

அப்பத்தான் பாத்தேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் எஸ்டிடி பூத்துல செல்வி. கால்ல அந்தப் பெரிய பேடு ரெண்டும் கட்டியபடி, மேலே பழைய பனியன், போனைக் காதுல வச்சுக்கிட்டு. அங்க உள்ள போகாம இங்க என்ன செய்யுதா?

"ஏட்டி செல்வி!"

திரும்பினா. என்னைப் பாத்தா. போன் கையில இருந்து விழுந்து வயர்ல தொங்குச்சு.

ஓடி வந்தா. பேடோட ஓட முடியாது, வாத்து மாதிரி வந்தா. வந்து என் தோள்ல அடிச்சா. ஒரு கையில கழட்டாத கோலி கிளவுஸோட. மறுபடியும் அடிச்சா. "எங்க இருந்த? எங்க இருந்த நீ?" அழுகையில ஹிந்தியும் தமிழும் குழம்பி வருது.

வேன் பாதி தூரம் போனப்பத்தான் அவளுக்குத் தோணியிருக்கு.

"கதவு உள்ள தாழ் போட்டிருந்துச்சு. நான் தள்ளினேன். பால் பூத் போன ஆள் உள்ள எப்படி தாழ் போடும்? சொல்லு. எப்படி போடும்?"

வேனை நிப்பாட்டச் சொன்னாளாம், நிப்பாட்டல. வந்து இறங்கினதும் வீட்டுக்குப் போன். யாரும் எடுக்கல. எடுக்க நான் எங்க இருந்தேன், பஸ்ல. மறுபடி மறுபடி போன். ஜெர்சி எடுக்கப் பையைத் திறந்தா ஜெர்சி இல்ல. கோச் மேடம் எல்லார் முன்னாலயும் கத்திட்டாங்க. ஹரியானாப் பிள்ளையைக் கோலில நிறுத்திட்டாங்க. இவ, வீட்டுக்குப் போறேன், அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு சொல்லியிருக்கா. "இன்னைக்குப் போனா மறுபடி வராதே"ன்னாங்களாம் மேடம்.

"நீ என்ன சொன்ன?"

"வரலைன்னேன். கடைசியா ஒரு போன் பண்ணிட்டு பஸ் பிடிக்கலாம்னு வந்தேன்."

கேட் திண்டுல உக்காந்துட்டேன். நான் ஒரு நிமிசம் பிந்தியிருந்தா. சகுனம்னு நினைச்சு நானே அவ வழியில செங்கல்லை எடுத்து வச்சிருக்கேன்.

ஜெர்சியைக் குடுத்தேன். அங்கனயே மாட்டினா. காலர் ஓரத்துல சாந்தா அக்கா வச்ச மஞ்சள், கொஞ்சமா இல்ல, கட்டைவிரல் அளவுக்கு. என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு உள்ள போனா, காவல்காரன் ஒண்ணும் சொல்லல.

மேடம் நல்ல உசரம், பஞ்சாபி. என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. செருப்புகிட்ட வந்து கண்ணு நின்னுச்சு. செ. என்னமோ வேகமா ஹிந்தியில சொன்னா, அதுல "பாப்பா"ங்கிறது மட்டும் புரிஞ்சுச்சு. மேடம் காலரைப் பிடிச்சு, "இது என்ன கறை?"ன்னு கேட்டாங்க. "ஹல்தி"ன்னேன். "பிராப்ளம் எல்லாம் கேட்டுக்கு வெளியே" - இது மாதிரி என்னமோ சொல்லி அவளை பெஞ்சுல உக்கார வச்சாங்க. எனக்கு ஒரு டீ வந்துச்சு. யாரு குடுத்தாங்கன்னு தெரியல.

பாதி மேட்ச் முடியுறப்ப நமக்கு 0, அவங்களுக்கு 2. அப்புறம் செ. யை இறக்கினாங்க.

முதல் பந்தே கால் இடுக்குல உள்ள போயிருச்சு. என்னாலதான். நான் கண்ணை மூடிட்டேன். மூடியபடியே இருந்தேன். கோல் பலகையில பந்து அடிக்கிற சத்தம் வருதான்னு மட்டும் கேட்டுக்கிட்டு. வரல. கத்தல் வருது, "ஷாபாஷ் ஷெல்லி"ன்னு. இங்க அவ பேரு ஷெல்லி. கண்ணைத் திறந்தா தரையில குறுக்க விழுந்து கிடக்கா, பந்து வெளியே போகுது. அதுக்கப்புறம் ஒண்ணும் உள்ள போகல.

தோத்தாச்சு. 1-3.

மேடம் பையை அடுக்கிக்கிட்டே சொன்னாங்களாம், செவ்வாய்க்கிழமை முழு மேட்சும் நீதான், அதைப் பாத்துட்டு முடிவு, இன்னைக்கு மாதிரி நடந்தா ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கோன்னு.

ஏன் ஒளிஞ்சேன்னு வீட்டுக்கு வந்துதான் கேட்டா. சொன்னேன். சொல்லும்போதே அசிங்கமா இருந்துச்சு. ஆனா பொய்னும் தோணல. இப்பவும் தோணல.

அவ எழுந்து போனா. அவுக டூல் டப்பாவைத் தேடி எடுத்தா. ஸ்குரூ டிரைவரை வச்சு பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டினா. ஒரு ஸ்குரூ வரல, சுத்தியலால அடிச்சு எடுத்தா. கதவுல ஓட்டை. தாழைக் கொண்டு போயிக் குப்பையில போட்டா.

"தாழில்லாம, அக்கம் பக்கத்துல யாராவது வந்து உள்ள போனா என்ன செய்ய?"

"பாட்டு பாடச் சொல்லு."

இன்னைக்கு, திங்கள். சாந்தா அக்கா மன்னிப்புக் கேக்க வந்தாங்க. நான்தான் கேக்கணும். முட்டி வீங்கியிருக்கு. விளக்கெண்ணெய் தேச்சு விட்டேன். "நாளைக்கும் வரேன் மாரி, இந்த தபா ஜெர்சி மாட்டிக்கினுதான போவா"ன்னாங்க.

செ. உள்ள இருந்து: "வேணாம் ஆன்டி. நாளைக்கு அம்மா வரும்."

அக்கா என்னைப் பாத்தாங்க. நான் சுவரைப் பாத்தேன்.

அக்கா போனதுக்கப்புறம் சண்டை. "முன்னால எப்படி வருவ? பால் கேனோட, கீழ இருந்து மேல. அதேதான்."

"அது அப்போ. இப்ப நான் எப்படி வாரது? உனக்குப் புரியாது பிள்ள."

"புரியுது. புரியாமலா? பாப்பா போனது என் மேட்ச் இல்லாத நாள். நீ அன்னைக்கு யாருக்கும் எதுக்க வரல, போகல. அப்புறம் என்ன?"

"கெட்டது நடந்துட்டா? நாளைக்குத்தான கடைசி."

"நடக்கட்டும். நீ எதுக்க வந்து தோத்தா நான் தோத்தேன். நீ கதவுக்குள்ள இருந்து நான் ஜெயிச்சா..." முடிக்கல. அப்புறம் மெல்லமா, "நீ வரலைன்னா நான் படி இறங்க மாட்டேன். வேன் போகட்டும். சாச்சாவுக்குப் போன் போடு, மாச்சிஸ் பெட்டிக்கு வாரோம்னு சொல்லு."

சொன்னா செய்வா. அவுக புத்தி அப்படியே.

எதுக்க வந்தாலும் பயம், வராட்டாலும் போச்சு. யாருகிட்டக் கேக்கது? போட்டோகிட்டக் கேட்டேன். அவுக சிரிச்சுக்கிட்டே இருக்காக.

நவம்பர் 20, செவ்வாய்

குளிர். வெளியே வெள்ளையாக் கிடக்கு, ஒண்ணும் தெரியல. ராத்திரி ரெண்டு பேரும் தூங்கல, தூங்குத மாதிரி கிடந்தோம்.

பூத்துல பால் வண்டி வரலன்னு கீழ்வீட்டுக்காரி சொல்லுதா. வெறுங்கேனோட எதுக்க வரக் கூடாது. தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன், நிறைய. மூடி போட்டாச்சு.

நல்ல சேலையா ஒண்ணு கட்டுனேன். கழுத்து வெறுமையாத் தெரிஞ்சுச்சு, முந்தானையைச் சுத்திக்கிட்டேன். செருப்பு, வாசல்ல பாத்து எடுத்து வச்சேன்.

முருகா, என்னால அவளுக்கு ஒண்ணும் வந்துறக் கூடாது. வேற ஒண்ணும் கேக்கல.

"அம்மா, நான் ஷூ கட்டறேன். நீ போ கீழ."

"இந்தா, போறேன்."

"போ. பாப்பா சொல்ற மாதிரி நான் சொல்லுவேன், சிரிக்கணும்."

வேன் ஹாரன். ஒரு ஷூ கட்டிட்டா. இறங்குதேன்.